டவுன்ரிகர் இல்லாமல் மிச்சிகன் ஏரியில் சால்மன் பிடிக்க முடியுமா?

கேள்வி: "ஏரியின் கிழக்குக் கரையில் உள்ள லடிங்டனில் இருந்து 17 அடிப் படகில் இரண்டு பேர் போகிறோம். ஈயக்குண்டைக் கம்பியில் கட்டித் தூண்டிலை ஆழத்துக்கு இறக்கும் டவுன்ரிகர் கிடையாது. அது இல்லாமல் மிச்சிகன் ஏரியில் சால்மனைக் கண்ணால்கூடப் பார்க்க முடியாது என்று எல்லாரும் சொல்கிறார்கள். உண்மையா? கடையில் சுவர் முழுக்க ஸ்பூன், அதாவது கரண்டி போன்ற உலோக இரை, தொங்குகிறது. எந்த நிறம் வாங்குவது?"

மே 6

நிறத்தைக் கடைசியில் பேசலாம். ஸ்பூன் எந்த ஆழத்தில் போகிறது, அங்கே தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சி, அந்த ஆழத்தில் ஸ்பூன் என்ன வேகத்தில் நகர்கிறது என்பது தெரியாதவரை, பச்சையா நீலமா என்று யோசிப்பது வீண். அது தெரிந்துவிட்டால் பெட்டியில் இருக்கிற பழைய ஸ்பூனே போதும்.

டவுன்ரிகர் விஷயத்தில் உங்கள் நண்பர்கள் சொல்வது மே மாதத்துக்குப் பொருந்தாது. இப்போது ஏரி மேலிருந்து கீழ்வரை கிட்டத்தட்ட ஒரே குளிர். மீன் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீரைத் தேடி மேலே வரும். ஆற்று முகத்துவாரத்தில் இருந்து வெளியே வரும் கலங்கல் தண்ணீரின் ஓரம், அலைதடுப்புச் சுவரை ஒட்டிய 15 முதல் 40 அடி ஆழப் பகுதி, இவைதான் இப்போதைக்கு இடம். மேலே இருக்கும் மீன் படகின் நிழலுக்கும் சத்தத்துக்கும் விலகிப் போகும். அதனால் பக்கவாட்டில் இழுத்துச் செல்லும் பிளேனர் போர்டு இரண்டு வாங்குங்கள். தூண்டில் நரம்பை அதில் மாட்டிவிட்டால் படகில் இருந்து 60, 80 அடி தள்ளி ஓடும். விலகிப் போகிற மீனின் வாய்க்கு நேராக இரை வரும்.

அதோடு ஒரு ரீலில் லெட் கோர் சுற்றிக்கொள்ளுங்கள். நடுவில் மெல்லிய ஈயக் கம்பி, மேலே நூல் உறை. ஒவ்வொரு 10 கஜத்துக்கும் உறையின் நிறம் மாறும், அதனால் எவ்வளவு வெளியே போயிருக்கிறது என்பதை நிறத்தை எண்ணியே சொல்லலாம். ஒரு நிறத்துக்குச் சுமார் 5 அடி இறங்கும். மூன்று நிறம் விட்டால் 15 அடி.

மிச்சிகன் மாநில விதிப்படி ஆளுக்கு மூன்று தூண்டில்வரை போடலாம். இரண்டு பேருக்கு ஆறு. முதல் நாளே ஆறும் போடாதீர்கள், நான்கு போதும்.

மே 7

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. ஒரு நிறத்துக்கு 5 அடி என்பது படகு மணிக்கு 2 மைல் அளவில் போகும்போது. 2.7க்கு ஏற்றினால் கயிறு மேலே எழும்பும், ஆழம் குறையும். திரும்பும்போது உள்பக்கக் கயிறு தொய்ந்து கீழே இறங்கும். ஆழத்தை மனப்பாட எண்ணாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று. மே மாத ஏரித் தண்ணீர் 45 டிகிரி பாரன்ஹீட் பக்கம் இருக்கும். விழுந்தால் சில நிமிடங்களில் கை விரல் மடங்காது. மிதவைச் சட்டையை இருக்கைக்கு அடியில் வைக்காமல் உடம்பில் போட்டுக்கொள்ளுங்கள்.

மே 19

ரீல் எண்ணி பற்றிக் கேட்டிருக்கிறார்கள். எவ்வளவு நரம்பு வெளியே போயிருக்கிறது என்று அடிக்கணக்கில் காட்டும் ரீல் கட்டாயம் வேண்டும். ஆனால் அந்த எண்ணை அப்படியே நம்பி நான் ஒரு பருவம் முழுக்க ஏமாந்திருக்கிறேன். இடது பக்கத் தூண்டிலில் மட்டும் மீன் அடித்துக்கொண்டே இருந்தது. வலது பக்கத்திலும் அதே ஸ்பூன், அதே 120 அடி. ஒன்றும் அடிக்கவில்லை. ஒரு நாள் இரண்டு நரம்பையும் புல்வெளியில் இழுத்துப் போட்டு நாடாவால் அளந்தேன். வலது ரீலில் நரம்பு குறைவாகச் சுற்றியிருந்தது. உருளை சிறுத்துவிட்டால் ஒரு சுற்றுக்கு வெளியே போகும் நீளமும் குறையும், எண்ணி அது தெரியாமல் சுற்றைத்தான் எண்ணும். 120 என்று காட்டியபோது உண்மையில் போனது 95 அடி.

இரண்டு ரீலையும் ஒரே மாதிரி வாங்குங்கள், விளிம்புவரை ஒரே அளவு நரம்பு சுற்றுங்கள். அறுந்து குறைந்தால் நிரப்புங்கள்.

ஜூன் 2

மீன் இன்னும் கிடைக்கவில்லை என்று கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார், மனம் தளர வேண்டாம். வசந்தத்தில் கோஹோ என்கிற சால்மன் வகையின் கூட்டம் ஏரியின் தென்முனையில்தான் திரளும். மிச்சிகன் சிட்டி, செயின்ட் ஜோசப் பக்கம் ஏப்ரல், மே மாதங்களில் ஆரஞ்சு நிறச் சின்ன டாட்ஜரும் (ஆடி மீனை ஈர்க்கும் தகடு) அதன் பின்னால் குட்டிப் பூச்சி இரையும் போட்டு அள்ளுவார்கள். தண்ணீர் சூடாகச் சூடாக மீன் வடக்கே நகரும். உங்கள் பக்கம் வர நேரமாகும்.

இடையில் இன்னொருவர், "சால்மன் பசிபிக் மீன் ஆயிற்றே, நன்னீர் ஏரிக்குள் எப்படி வந்தது?" என்று கேட்டிருந்தார். எனக்குப் பிடித்த கேள்வி, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். கடலில் இருந்து கால்வாய் வழியாக வந்த லாம்ப்ரே என்கிற, விலாங்கு போன்ற ஒட்டுண்ணி மீன், ஏரி ட்ரவுட்டை உறிஞ்சித் தீர்த்தது. வேட்டை மீன் இல்லாத ஏரியில் ஆல்வைஃப் என்கிற, ஹெர்ரிங் குடும்பத்துச் சிறு மீன் கட்டுக்கடங்காமல் பெருகியது. 1967 கோடையில் அது செத்துக் கரை முழுக்க ஒதுங்கி நாறியது. அதற்கு முந்தைய வருடமே, 1966 வசந்தத்தில், மாநில மீன்வளத் துறையில் இருந்த ஹாவர்ட் டேனர் முன்னின்று பிளாட் ஆறு முதலிய இடங்களில் கோஹோ குஞ்சுகளை விட்டிருந்தார். 1967இல் சினூக் என்கிற இன்னொரு சால்மன் வகையை விட்டார்கள். ஆல்வைஃபைத் தின்று சால்மன் கொழுத்தது.

இன்றும் கணக்கு அதேதான். ஆல்வைஃப் இருந்தால் சினூக் இருக்கும். பக்கத்து ஹூரான் ஏரியில் 2003, 2004 வாக்கில் ஆல்வைஃப் அழிந்தது, சினூக்கும் கூடவே சரிந்தது. அந்தப் பயத்தில்தான் மிச்சிகன் ஏரியில் 2013இல் சினூக் குஞ்சு விடுவதைப் பாதியாகக் குறைத்தார்கள். அப்போது கோபப்பட்டவர்களில் நானும் ஒருவன். இப்போது யோசித்தால் அது சரியான முடிவு என்றே படுகிறது.

இது தூண்டிலுக்கும் உதவும். நீருக்கடியில் இருப்பதைத் திரையில் காட்டும் சோனாரில் இரைமீன் கூட்டம் மேகம்போலத் தெரியாத இடத்தில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

ஜூன் 15

மீன் கீழே இறங்கத் தொடங்கிவிட்டது. டவுன்ரிகர் இல்லாதவருக்கு இனி டிப்ஸி டைவர்தான் துணை. உள்ளங்கை அகல வட்டத் தகடு. தண்ணீர் அதை அழுத்தி கீழேயும் பக்கவாட்டிலும் தள்ளும். அடியில் ஒரு திருகு, 0 முதல் 3 வரை. 0 வைத்தால் நேராகக் கீழே போகும். எண் கூடக்கூட வெளியே விலகும், ஆழம் குறையும். எங்கள் படகில் 2இல் வைத்து 150 அடி விட்டால் 60 அடிக்குப் பக்கத்தில் போகிறது. உங்கள் நரம்பு தடிமன் வேறு, வேகம் வேறு. அளந்து பார்த்து உங்களுக்கென்று ஒரு பட்டியல் எழுதிக்கொள்ளுங்கள்.

இதற்குப் பின்னல் நரம்பு போடுங்கள். சாதாரண நரம்பு ரப்பர்போல இழுபடும், 200 அடிக்கு அப்பால் தகடு தண்ணீரை அழுத்தும் பிடியை விடுவிக்க முடியாது. ஆனால் பின்னல் நரம்பில் இழுவைத்தன்மை இல்லாததால் மீன் அடிக்கிற அடி முழுவதும் லீடர்மேல், அதாவது இரைக்கு முன்னால் கட்டும் நரம்புத் துண்டின்மேல், விழும். ரீலின் பிடிமானத்தை இறுக்கி வைத்திருந்த ஒரு காலையில் 20 பவுண்டு லீடர் நூல்போல அறுந்ததைப் பார்த்தேன். கோல் வளைந்தது, நிமிர்ந்தது, ஒரு நொடியில் எல்லாம் முடிந்தது. அன்று இருந்து தகட்டுக்குப் பின்னால் ஒரு அடி ரப்பர்க் குழாய் சேர்க்கிறேன், பிடிமானத்தைத் தளர்த்தி வைக்கிறேன், லீடர் 30 பவுண்டு.

தகட்டின் விடுவிப்பு முனையை ரொம்பத் தளர்த்தினால் அலை அடித்தாலே விடுபடும். ரொம்ப இறுக்கினால் மீனோடு சேர்த்துத் தகட்டையும் இழுத்துக் கை ஓயும்.

ஜூன் 16

வேகம். இதைத்தான் எல்லாரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள், நானும் பல வருடம் அப்படித்தான் இருந்தேன். ஜிபிஎஸ் காட்டுவது தரையைப் பொறுத்த வேகம். ஸ்பூனை ஆட்டுவது தண்ணீரைப் பொறுத்த வேகம். மேலே தண்ணீர் வடக்கே ஓடும், 70 அடியில் தெற்கே ஓடும். ஜிபிஎஸில் 2.5 என்று தெரியும்போது கீழே ஸ்பூன் 1.6இல் செத்த இலைபோல வந்துகொண்டிருக்கும். எதிர்த்திசையில் திரும்பினால் அதே 2.5 கீழே 3.4.

கீழ் வேகத்தையும் வெப்பத்தையும் அளந்து மேலே அனுப்பும் கருவி உண்டு. ஆனால் அதை டவுன்ரிகர் கம்பியில்தான் மாட்ட வேண்டும். அது இல்லாதவர் வளைந்து வளைந்து ஓட்டுங்கள். ஒரு பக்கமாகத் திரும்பும்போது வெளிப்பக்கத் தூண்டில் வேகமெடுக்கும், உள்பக்கம் மெதுவாகும். வெளிப்பக்கத்தில் அடித்தால் படகை வேகப்படுத்துங்கள். உள்பக்கத்தில் அடித்தால் குறையுங்கள். அப்புறம், மீன் அடித்தபோது படகு எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தது என்று எழுதி வையுங்கள். வடக்கே போகும்போது மூன்று மீன், தெற்கே திரும்பினால் ஒன்றும் இல்லை என்றால், மீன் இடம் மாறவில்லை, உங்கள் வேகம்தான் மாறியிருக்கிறது.

ஸ்பூனுக்குக் கீழே 2.3 முதல் 2.8. ஃபிளாஷரும் (முன்னால் சுழன்று மீனை ஈர்க்கும் தகடு) பூச்சி இரையும் என்றால் 2.2 முதல் 2.6. ஹெர்ரிங் துண்டு வைத்த இறைச்சி இரைக்கு இன்னும் கொஞ்சம் மெதுவாக.

ஜூலை 4

மூன்று நாளாக ஒரு மீன்கூட அடிக்கவில்லை என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். காற்று காரணம். கிழக்குக் காற்று கரையில் இருந்து அடித்தால் மேலே இருக்கும் சூடான தண்ணீரை ஏரிக்குள் தள்ளிவிடும், கீழே இருந்து குளிர்ந்த தண்ணீர் எழும்பும். நேற்று துறைமுகத்துக்கு வெளியே மேல்பரப்பு 49 டிகிரி. அதற்கு இரண்டு நாள் முன்னால் 68 இருந்தது.

ஜூலை 5

நேற்றைய குறிப்பைத் திருத்த வேண்டும். அனுபவசாலி ஒருவர் சுட்டிக்காட்டினார், பழைய நாட்குறிப்பைப் புரட்டிப் பார்த்தேன், அவர் சொன்னதே சரி. கிழக்குக் காற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் வடக்கே இருந்து கரையோரமாக இரண்டு நாள் விடாமல் அடிக்கும் காற்றுதான் நம் பக்கம் பெரிய புரட்டலைச் செய்கிறது. பூமி சுழல்வதால் மேல்பரப்புத் தண்ணீர் காற்று போகும் திசைக்கு வலப்பக்கமாக விலகும். வடக்குக் காற்று தெற்கே போகிறது, அதற்கு வலது மேற்கு. அதாவது நம் கரையை விட்டு விஸ்கான்சின் பக்கம். தெற்குக் காற்று அடித்தால் இது தலைகீழாகும். மில்வாக்கி பக்கம் குளிர்ந்த தண்ணீர் மேலே வரும், நம் பக்கம் சூடான தண்ணீர் குவிந்து, மீன் இருக்கும் அடுக்கு இன்னும் கீழே அமுங்கும்.

ஆகவே காலையில் கிளம்பும் முன் இன்றைய காற்றை மட்டும் பார்க்காமல் முந்தைய இரண்டு நாள் காற்றையும் பாருங்கள். சினூக், இங்கே எல்லாரும் கிங் என்பார்கள், 50 முதல் 55 டிகிரித் தண்ணீரை விரும்பும். ஸ்டீல்ஹெட் என்கிற ட்ரவுட் வகை அதைவிடச் சூட்டில், மேலே. ஏரி ட்ரவுட் குளிரில், அடித்தரையை ஒட்டி. கிங் தேடிப் போய் ட்ரவுட்டாகவே வந்தால் தூண்டிலை மேலே ஏற்றுங்கள்.

ஜூலை 13

நரம்பில் பஞ்சுபோல ஒட்டிக் கோல் நுனி வளையத்தை அடைப்பது அழுக்கோ பாசியோ இல்லை. முள்வால் நீர்ப்பூச்சி, வெளியில் இருந்து வந்து பெருகியது. மெல்லிய நரம்பில்தான் அதன் வால் சிக்கும். 30 பவுண்டுத் தடித்த நரம்புக்கு மாறினால் பாதித் தொல்லை குறையும். மீனோடு போராடும்போது கூட இருப்பவர் நரம்பை விரலால் தட்டிக்கொண்டே இருக்கட்டும்.

ஜூலை 28

மே மாதம் எழுதியதில் இருந்து கொஞ்சம் பின்வாங்குகிறேன்.

டவுன்ரிகர் இல்லாமல் முடியும் என்றேன். முடியும்தான். ஆனால் போன வாரம் குளிர் அடுக்கு 95 அடிக்குக் கீழே போய்விட்டது. டிப்ஸியில் 280 அடி விட்டும் அங்கே போய்ச் சேர்ந்ததா என்று எனக்கே உறுதியில்லை. 300 அடி செம்புக் கம்பி 65 அடிவரைதான் போகும். பக்கத்துப் படகில் 10 பவுண்டு ஈயக்குண்டைத் தட்டென்று 100 அடிக்கு இறக்கி அடுத்தடுத்து நான்கு கிங் ஏற்றினார்கள்.

அதனால் நண்பரே, கையால் சுற்றும் பழைய டவுன்ரிகர் ஒன்று கிடைத்தால் வாங்கிவிடுங்கள். இரண்டு வேண்டாம், ஒன்று போதும். ஈயக்குண்டு சோனாரில் கோடாகத் தெரியும், நீங்கள் எந்த ஆழத்தில் இருக்கிறீர்கள் என்பதைக் கண்ணால் பார்க்கலாம். மற்ற தூண்டில்களின் ஆழத்தை அதை வைத்தே ஊகிக்கலாம். எனக்கு அது அளவுகோல் மாதிரிதான் பயன்படுகிறது, மீன் பெரும்பாலும் டிப்ஸியில்தான் வருகிறது.

கவனிக்க வேண்டியது இரண்டு. ஓடும் தண்ணீர் கம்பியைப் பின்னால் சாய்க்கும், எண்ணி 100 என்றாலும் குண்டு 90இல் இருக்கும். அப்புறம் நரம்பைப் பிடிக்கும் கவ்வி. முதல் வருடம் அதை ரொம்ப இறுக்கிவிட்டேன். ஒரு முழங்கால்கூட நீளமில்லாத சின்னக் கோஹோ மாட்டியது தெரியாமல் அரை மணி நேரம் 80 அடியில் இழுத்துக்கொண்டு போயிருக்கிறேன். மேலே வந்தபோது செத்திருந்தது. இன்றும் நினைத்தால் வருத்தம். சின்ன மீன் அடித்தாலும் விடுபடுகிற அளவுக்குத் தளர்த்தி வையுங்கள், கோல் நுனியைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

ஆகஸ்ட் 10

சரி, நிறம். தண்ணீருக்குள் முதலில் மறைவது சிவப்பு. 60 அடியில் சிவப்பு ஸ்பூன் கறுப்பாகத்தான் இருக்கும். பச்சையும் நீலமும் ஆழம்வரை போகும். ஆகவே ஆரஞ்சும் சிவப்பும் மேல்தண்ணீருக்கு, ஸ்டீல்ஹெட்டுக்கு, வசந்தக் கோஹோவுக்கு. கீழே பச்சை, நீலம், வெள்ளை. விடியும் முன் இருட்டில் ஒளிரும் பூச்சுள்ள ஸ்பூனை விளக்கில் காட்டி இறக்குங்கள். வெயில் ஏறியதும் அதை எடுத்துவிட்டு வெள்ளி முதுகுள்ளதைப் போடுங்கள். குவாக்கா மட்டி வடிகட்டி வடிகட்டி இந்த ஏரி கண்ணாடிபோல ஆகிவிட்டது. பகலில் மீன் ஆழத்துக்குப் போக அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஆறு ஸ்பூன் வாங்குங்கள். அறுபது வேண்டாம்.

ஆகஸ்ட் 11

மீன் மாட்டியதும் படகை நிறுத்திவிட்டோம், மற்ற நரம்பெல்லாம் சிக்கிப் பந்தாகிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். நிறுத்தவே கூடாது. வேகத்தைக் கொஞ்சம் குறைத்து நேராக ஓட்டுங்கள். கிங் படகைப் பார்த்ததும் இன்னொரு ஓட்டம் ஓடும், விடுங்கள், ஓடட்டும். வலையை மீனுக்குப் பின்னால் துழாவாமல் தண்ணீரில் அசையாமல் பிடியுங்கள், தலையை அதற்குள் வழிநடத்துங்கள். வால்பக்கம் வலை பட்டால் முள் கழன்றுவிடும்.

ஆகஸ்ட் 24

முட்டையிடப் போகிற கிங் துறைமுக வாயில் திரண்டுவிட்டது. இப்போது அது பசிக்காகத் தின்பதில்லை, எரிச்சலில் கடிக்கிறது. விடியற்காலை முதல் ஒரு மணி நேரம், ஜே பிளக் போன்ற பெரிய பிளக் (சிறு மீன் வடிவ இரை), 20 முதல் 50 அடித் தண்ணீர். டவுன்ரிகரே தேவையில்லை. ஏரியைக் கடக்கும் பேட்ஜர் பயணிகள் கப்பல் எதிர்க்கரை மானிடோவாக் பயணத்துக்கு வெளியே வரும்போது மட்டும் வழிவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள், அதன் நேர அட்டவணையைக் கையில் வைத்திருங்கள்.

மிச்சிகன் மாநிலச் சாதனையான 47.86 பவுண்டு கிங் 2021 ஆகஸ்டில் லடிங்டனுக்கு வெளியேதான் கிடைத்தது. அதற்கு முந்தைய சாதனை 1978 முதல் நின்றது. உங்கள் 17 அடிப் படகு ஓடுகிற அதே தண்ணீர்.

செப்டம்பர் 8

சாப்பிடலாமா என்று கேட்டவருக்கு. சாப்பிடலாம், நாங்கள் சாப்பிடுகிறோம். ஆனால் பிசிபி என்கிற பழைய தொழிற்சாலை நச்சு இந்த மீன்களின் கொழுப்பில் தங்கும், வயதான பெரிய மீனில் அதிகம். மாநில சுகாதாரத் துறை எந்த ஏரியின் எந்த மீனை, எந்த அளவில், மாதம் எத்தனை முறை என்று வழிகாட்டி வெளியிடுகிறது. வீட்டில் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இருந்தால் கண்டிப்பாகப் பார்க்கவும். தோலை உரித்து, வயிற்றுக் கொழுப்பையும் விலாவோரக் கரும்பகுதியையும் வெட்டி எறிந்துவிட்டு, கொழுப்பு சொட்டி வடியும்படி கம்பி வலைமேல் சுடுங்கள். பிடித்தவுடன் செவுளை வெட்டி ரத்தம் வடித்து ஐஸில் வைத்தால் சுவை வேறு.

செப்டம்பர் 21

கிங் எல்லாம் ஆற்றுக்குள் போய்விட்டது. படகைக் கழுவி மூடிவிட்டேன். எல்லா லீடரையும் வெட்டி எறிந்தேன், பார்வைக்கு நன்றாக இருந்தவற்றையும் சேர்த்து. விரலால் உருவினால் சொரசொரப்பு தெரிகிறது.

கேள்வி கேட்டவர் நேற்று எழுதியதை இரண்டு முறை படித்தேன். டிப்ஸி, எண் 2, 165 அடி, பச்சை ஸ்பூன், 14 பவுண்டு கிங். மனம் நிறைந்தது. எல்லாம் எழுதியிருக்கிறீர்கள், படகு எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தபோது அடித்தது என்பதைத் தவிர. ஞாபகம் இருக்கும்போதே அதையும் குறித்துவிடுங்கள்.